வாட்டர் பம்பும் வெள்ளை வேட்டியும்

“எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது, சார். சாவியைப் போட்டுத் திருப்பத் தெரியும், அவ்வளவுதான்!” என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பது நம் படித்த வர்க்கத்தாரிடையே ஒரு நாகரிகமாக இருந்து வருகிறது. அந்தச் சிரிப்பைக் கவனித்திருக்கிறீர்களா? தெரியாததற்காக நாணுகிறவனின் சிரிப்பில்லை அது. தெரிந்துகொள்ள வேண்டிய தலையெழுத்து தமக்கு இல்லை என்று நாலு பேருக்குத் தெரிவித்துக்கொள்கிற சிரிப்பு. இதே கனவான், “எனக்குக் கூட்டல் கணக்கு வராது” என்று சபையில் சொல்லுவாரா? மாட்டார். (“எனக்குத் தமிழ் வாசிக்க வராது” என்று இப்படியே சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.)

சில மாதங்களுக்கு முன்பு வேறெதையோ பற்றி எழுதும்போது, என்னுடைய பழைய அம்பாஸிடருக்கு வீட்டு வாசலில் வைத்து நானே வாட்டர் பம்ப் மாற்றினேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் கடிதங்கள் வந்தன. ‘நாவல் எழுதுகிற கை கிரீஸில் புழங்கலாமா?’ என்று ஒருவர் உருகியிருந்தார். ‘ஓர் ஏழைத் தொழிலாளியின் வயிற்றில் அடித்துவிட்டீரே!’ என்று இன்னொருவர் சீறியிருந்தார். ‘அம்பாஸிடர் என்கிற கட்டை வண்டியிடம் உம்முடைய வீரத்தைக் காட்டுகிறீர், என் வண்டியின் பானட்டைத் திறந்து பாரும்’ என்று மூன்றாமவர் சவால் விட்டிருந்தார். மூவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மூன்றாமவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. முதலாமவர் கேட்டதில் வியாதி இருக்கிறது.

அதற்கு முன்னால், எந்தப் பண்டத்தைப் பற்றி இவ்வளவு சண்டையென்று தெரிய வேண்டும். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறதல்லவா? அந்தச் சூட்டில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எஞ்சினின் உடம்பிலேயே தங்கப் பார்க்கிறது. தங்கவிட்டால் இரும்பு தாங்காது. ஆகவே எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடி, அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. அந்தத் தண்ணீரை ஓட வைப்பது வாட்டர் பம்ப். 1908-இல் வரத் தொடங்கிய ஃபோர்டு ‘மாடல் டி’ வண்டிகளில், முதலில் வந்த கொஞ்சம் வண்டிகளைத் தவிர, மற்றவற்றில் பம்ப் என்பதே கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும் என்கிற அடுப்பங்கரை நியாயமே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. வேகமும் பலமும் கூடக்கூட அந்த நியாயம் போதவில்லை. பம்ப் வந்து சேர்ந்தது.

அம்பாஸிடரில் அது எஞ்சினின் நெற்றியில் பொட்டு வைத்தாற்போல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கூடு. அதற்குள் ஒரு தண்டு. தண்டின் ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர். மறு முனையில் புல்லி. அந்தப் புல்லியோடு சேர்த்தே விசிறியையும் முடுக்கியிருப்பார்கள். நடுவில் பேரிங். பேரிங்குக்குத் தண்ணீர் போய்விடாமல் காவல் காக்க ஒரு சீல். அவ்வளவுதான். கிணற்று மோட்டாரைப் பிரித்துப் பார்த்திருக்கிற எந்த விவசாயிக்கும் இதில் புதுமை ஒன்றும் கிடையாது. கொங்கு நாட்டில் ஃபுட் வால்வையும் வாஷரையும் தானே மாற்றிக்கொள்கிற ஆயிரக்கணக்கானவர்கள், “எனக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது” என்று ஒரு நாளும் சிரித்ததில்லை. சிரித்தால் பயிர் காய்ந்து போகும்.

இந்தப் பம்பைச் செய்தவன் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை வைத்திருக்கிறான். இந்த உலகத்தில் மனிதன் வைத்த துளைகளுக்குள்ளே நேர்மையான துளை எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் காட்டுவேன். சீல் என்றைக்கோ ஒரு நாள் தேய்ந்துதான் தீரும். தேய்ந்தால் கசிகிற தண்ணீர் பேரிங்கில் பாயாமல் அந்தத் துளை வழியாகச் சொட்டட்டும். சொட்டுவதைக் கண்டு உடையவன் விழித்துக்கொள்ளட்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்த வழி அது. ஆனால் உடையவன் என்ன செய்கிறான்? காலையில் வண்டியின் அடியில் ஈரத்தைப் பார்க்கிறான். ‘நேற்று கழுவின தண்ணீர்’ என்று தீர்மானித்துவிடுகிறான். கொஞ்சம் விவரம் தெரிந்தவனானால் யாரோ சொன்னார்களென்று ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கரைத்து விடுகிறான். ரேடியேட்டரில் உள்ள ஊசி முனைக் கசிவுக்கு அது ஒரு வேளைக் கைவைத்தியம். தேய்ந்த சீலுக்கு அது என்ன செய்யும்? மகா புத்திசாலிகள் சிலர் அந்தத் துளையையே பசை வைத்து அடைத்து, ‘கசிவு நின்றுவிட்டது’ என்று களித்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். வாயைப் பொத்தினால் நோய் போய்விடும் என்கிற வைத்தியம்!

பிறகு பேரிங் உறுமத் தொடங்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும். யார் பிடித்துப் பார்ப்பது? சட்டையில் கரி படுமே! அப்புறம் ஒரு நாள், வேலூரைத் தாண்டி, கத்திரி வெயிலில், பானட்டின் அடியிலிருந்து ஆவி கிளம்பும். ஹெட் கேஸ்கெட் போகும். சில வேளை ஹெட்டே கோணிக்கொள்ளும். கொதித்து நிற்கிற எஞ்சினில் பதற்றத்தில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரை ஊற்றினால், வார்ப்பிரும்பு விரிசல் விட்டாலும் விடும். ஒரு பம்புக்கும் ஒரு காகிதப் பேக்கிங்குக்கும் ஆகிற செலவு பல மடங்காகி, எஞ்சினையே இறக்குகிற செலவாக வந்து நிற்கும். அப்போது நம் கனவான் சொல்லுவது: “மெக்கானிக் ஏமாற்றிவிட்டான்.”

இனி அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். என் வண்டியில் இருப்பது பழைய 1489 சி.சி. எஞ்சின், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில்தான் கை வைக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும், விசில் அடித்துக்கொண்டிருக்கிற குக்கரைத் திறப்பதும் ஒன்றுதான். உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் திறந்த மாத்திரத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். பாட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். ரேடியேட்டரின் அடியில் ஒரு குழாயும் எஞ்சினின் விலாவில் ஒரு குழாயும் இருக்கின்றன; இரண்டையும் திறந்து தண்ணீரை ஒரு பேசினில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹோஸ்களைக் கழற்றி, ரேடியேட்டரையும் எடுத்துவிட்டால் கைக்கு இடம் கிடைக்கிறது. டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி உள்பக்கம் தள்ளினால் பெல்ட் தொங்கிவிடும். விசிறிக்கு நாலு போல்ட். பம்புக்கு நாலு போல்ட். பம்பின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு கெட்டி அட்டையில் பம்பின் உருவத்தைக் கோடு போட்டு, எந்தத் துளையிலிருந்து எடுத்த போல்ட்டோ அதே இடத்தில் அட்டையைக் குத்திச் சொருகி வைத்துவிட்டால் திரும்பப் பூட்டும்போது திண்டாட்டமில்லை.

பம்ப் வெளியே வர ஒரு மணி நேரம் போதும். அதற்குப் பிறகுதான் வேலை. எஞ்சின் முகத்தில் பழைய பேக்கிங் காகிதம் ஆண்டுக்கணக்காக வெந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்ட வேண்டும். இரும்பைக் கீறாமல் சுரண்ட வேண்டும். சுரண்டினது உள்ளே விழாமல் சுரண்ட வேண்டும். குழைத்துப் பூசுகிற வேலையைப் போலன்று இது. பாதி சுரண்டிவிட்டு ‘போதும்’ என்று விட்டால் மறு நாள் அங்கேதான் கசியும். நான் எழுதின சில அத்தியாயங்களைத் திருத்துவதற்கு எடுத்துக்கொண்ட பொறுமையைக் காட்டிலும் அதிகப் பொறுமை இதற்கு வேண்டியிருந்தது என்று சொன்னால், முதலாவது கடிதக்காரருக்கு வருத்தமாக இருக்கும். உண்மையைத்தான் சொல்கிறேன். எழுத்தில் தப்பினால் விமரிசகன் ஒருவன் பாராட்டிவிடக்கூடும். பேக்கிங்கில் தப்பினால் தண்ணீர் சொட்டும். அதற்குத் தாட்சண்யம் கிடையாது.

புதுப் பேக்கிங், புதுப் பம்ப். போல்ட்டுகளைக் கையால் முதலில் மரையில் ஏற்றிவிட்டு, பிறகு ஸ்பேனரால் எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே பக்கமாக முடுக்கினால் மறு பக்கம் தூக்கிக்கொள்ளும். பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல உள்ளே போக வேண்டும். இழுத்துக் கட்டினால் புதுப் பேரிங்குக்கு அன்றைக்கே வயசாகத் தொடங்கிவிடும். கடைசியில் தண்ணீர். நம் ஊர் போர்வெல் தண்ணீர், குடத்தின் உள்ளே வெள்ளையாக உப்புப் படிய வைக்கிற தண்ணீர், ரேடியேட்டரின் நரம்புகளில் மட்டும் படியாமல் இருக்குமா? கூலண்டும் சுத்த நீரும் கலந்து ஊற்றுவது நலம். பழைய கூலண்டு கலந்த தண்ணீரைத் தெருவில் கொட்டிவிடாதீர்கள். அதில் உள்ள கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் குழந்தையும் நக்கினால் சிறுநீரகம் போய் உயிரே போகும்.

மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினை ஓட விட்டால், உள்ளே அகப்பட்டிருக்கிற காற்றெல்லாம் குமிழியிட்டு வெளியேறும். தண்ணீர் இறங்க இறங்க நிரப்ப வேண்டும். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு வழியில் இருக்கிறது. எஞ்சின் தக்க சூட்டுக்கு வரும் வரையில் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிப்பது அதன் உத்தியோகம். ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?’ என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிற வழக்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. வெளியே வெயில் அடிப்பதால் எஞ்சினுக்குத் தன் சூடு வேண்டாம் என்று ஆகிவிடாது. தன் சூட்டுக்கு வராத எஞ்சின் பெட்ரோலை வீணாகக் குடிக்கும், சீக்கிரம் தேயும். தொழிலாளி சொன்னான் என்பதற்காக அதை நான் வேதவாக்காக ஏற்றுக்கொள்ளவில்லை. கையால் பார்த்திருந்ததனால்தான் மறுத்துப் பேச முடிந்தது.

இப்போது முதலாவது கடிதக்காரரிடம் வருகிறேன். நாவல் எழுதுகிற கை கிரீஸில் புழங்கலாமா? ஐயா, வருஷத்தில் ஒரு நாள் ஆயுத பூஜை செய்கிறீர்களே, அன்றைக்கு உங்கள் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டுகிறீர்களே, யாருக்கு அந்தப் பூஜை? ஆயுதத்துக்குத்தானே? அந்த ஆயுதத்தைத் தொட்டுப் பிழைக்கிறவன் மறு நாள் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், ‘பின்பக்கமாக வா’ என்கிறீர்கள். ஸ்பேனரைக் கும்பிடலாம், பிடிக்கக் கூடாது!

இதற்குக் கௌரவம் என்று பெயர் சொல்லிக்கொள்கிறோம். அதன் சரியான பெயர் ஜாதி. தோலைத் தொட்டவன், மண்ணைப் பிசைந்தவன், இரும்பை அடித்தவன், துணியை வெளுத்தவன் எல்லாரையும் கீழே உட்கார வைத்துவிட்டு, அவர்கள் செய்ததை அனுபவிக்கிறவன் மேலே உட்கார்ந்துகொண்ட பழைய ஏற்பாடுதான் இது. மோட்டார் கார் இந்த நாட்டுக்கு வந்து நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகிறது. வரும்போது அதற்கு ஜாதி இல்லை. நாம் கொடுத்தோம். பின் ஸீட்டில் ஒரு வருணம், முன் ஸீட்டில் ஒரு வருணம், வண்டியின் அடியில் மல்லாந்து படுத்திருப்பது ஒரு வருணம். மேல் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. டிரைவர் வைத்துக்கொள்ள வசதி இல்லாமல் முதலாளியே முன் ஸீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அடியில் படுப்பது மட்டும் இன்னும் அவருக்குத் தீட்டாகவே இருக்கிறது.

இதே வீட்டுச் சமையலறையில் என்ன நடக்கிறது? குக்கர் ஆவியை விட்டால் அம்மாள் கேஸ்கெட்டைக் கழற்றிப் பார்க்கிறாள். ரப்பர் கெட்டித்துப் போயிருந்தால் புதிதாக வாங்கி மாட்டுகிறாள். ஸேஃப்டி வால்வையும் மாற்றுகிறாள். சூடு, அழுத்தம், கசிவு, ரப்பர் சீல் என்று ஐயா அறியாத அவ்வளவு சாஸ்திரமும் அங்கே தினசரி நடக்கிறது. அவள் அதை ஒரு வித்தையென்று சொல்லிக்கொள்வதுமில்லை; ‘எனக்குக் குக்கரைப் பற்றி ஒன்றும் தெரியாது’ என்று சிரிப்பதுமில்லை. ஹாலில் உட்கார்ந்திருக்கிறவர் மட்டும் யந்திர ஞானம் இல்லாமையை ஒரு பதக்கம் மாதிரி குத்திக்கொண்டிருக்கிறார். வாசலில் நிற்கிற வண்டியை என்னைவிட அந்த அம்மாள் விரைவில் கற்றுக்கொள்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கை படாத மூளையால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே எதிர்ச்சாட்சி இருக்கிறது. கோவையில் ஒரு ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்த ஓர் இளைஞர், அந்தக் காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கினவுடன் மாலை போட்டு ஊர்வலம் போகவில்லை, பிரித்துப் போட்டார். போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு அவர் தொடங்கின தொழில் பின்னால் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதைக் கோவைக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜி. டி. நாயுடு என்றால் இன்றைக்கும் எழுந்து நின்று பேசுவார்கள். அவருடைய படத்துக்கு மாலை போடுகிற நம் தகப்பன்மார்கள், பையன் சைக்கிளைப் பிரித்துப் போட்டால் மட்டும், ‘மெக்கானிக்காப் போகப் போறியாடா?’ என்று காதைத் திருகுகிறார்கள்.

இரண்டாவது கடிதம் எனக்குக் கோபத்தைத் தரவில்லை. ஏனென்றால் அதில் ஒரு மனிதனுக்காகப் பரிகிற மனசு இருக்கிறது. ஒரு பம்ப் மாற்றுகிற கூலி எங்கள் தெருமுனைப் பட்டறைக்காரருக்கு என்னிடமிருந்து போகவில்லை என்பது உண்மை. அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் அவருக்கும் எனக்கும் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு போல்ட் துருவேறி அசைய மறுத்தது. போய்க் கேட்டேன். “வம்பு பண்ணாதீங்க சார், உடைஞ்சிடும். மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி ஊற வையுங்க. காலையிலே தானா வரும்” என்றார். வந்தது. அதற்கு அடுத்த மாதம் கிளட்ச் வேலைக்கு அவரிடமே போனேன். கிளட்ச் வாசலில் செய்கிற வேலையன்று. அவர் சொன்ன கூலியை நான் பேரம் பேசவில்லை. தர்ம சிந்தையால் அல்ல. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது எத்தனை மணி நேரம், எத்தனை பேர் தோள் என்று மனசில் படம் ஓடியதால்.

ஓட்டலில் ஒரு தம்ளர் காப்பிக்குக் கேட்ட விலையை மறு பேச்சில்லாமல் கொடுக்கிறோம். பட்டறையில் மட்டும், ‘நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டினதுக்கு இவ்வளவா?’ என்கிறோம். இப்படிக் கேட்கிறவன் ஒரு தடவையாவது அந்தப் பழைய பேக்கிங்கைச் சுரண்டியிருந்தால் அவன் வாயில் ‘நாலு போல்ட்டு’ என்கிற வார்த்தை வந்திருக்காது. தெரியாதவன் நியாயமான கூலி கொடுக்கவும் முடியாது. அநியாயக் கூலியை மறுக்கவும் முடியாது. எல்லாரையும் திருடன் என்று நினைத்துக்கொண்டு எல்லாரிடமும் ஏமாறுவதுதான் அவன் விதி. நல்ல பட்டறைக்காரனுக்கு அவனால் வரும் நஷ்டம், என்னால் வருகிற ஒரு பம்புக் கூலியைவிடப் பெரிது.

‘ஏழையின் வயிறு’ என்று எழுதின அன்பர் இன்னொன்றையும் யோசித்துப் பார்க்க வேண்டும். நம் பட்டறைகளில் ‘டேய், பதிமூணு எடு’ என்றால் ஸ்பேனரோடு ஓடி வந்த சிறு பையன்களின் மேல் நமக்கு எவ்வளவு நாள் கண் படாமல் இருந்தது! 1986-இல் ஒரு சட்டம் வந்தது. 2016-இல் அதைத் திருத்தி, 14 வயதாகாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் கூலிக்கு அமர்த்தக் கூடாதென்று எழுதினார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பையனின் கை எடுத்துக் கொடுத்த ஸ்பேனரால் சரியான வண்டிகளில்தான் நாம் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் போய் வந்தோம். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருந்தால் பையனையும் பார்த்திருப்போம்.

உண்மையில் பட்டறைக்காரரின் வயிற்றில் அடிக்கிறவர்கள் யார்? அதுதான் மூன்றாவது கடிதத்துக்கு என் பதிலும்.

மூன்றாமவர் சொல்வதில் நியாயம் உண்டு. இன்றைய வண்டிகள் பலவற்றில் பானட்டைத் திறந்தால் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான் தரிசனம் தருகிறது. சில எஞ்சின்களில் வாட்டர் பம்பை டைமிங் பெல்ட்டே சுற்றுகிறது. அதைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது ஒரு பல் தவறினால், வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதி எஞ்சின் ஒழிந்தாலும் ஒழியும். அப்படிப்பட்ட வண்டியை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகப் பிரியுங்கள் என்று நான் யாருக்கும் உபதேசிக்க மாட்டேன். மின்சார விசிறி உள்ள வண்டிகளில், சாவியை எடுத்த பிறகும் அது தானாகச் சுற்றத் தொடங்கும். விரலை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. 2009-இல் வந்த டொயோட்டா பிரியஸில் வாட்டர் பம்பே மின்சாரத்தால் ஓடுகிறது; பெல்ட் என்பதே இல்லை. காலம் மாறுவதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் கடினமாக இருப்பது வேறு. பூட்டி வைப்பது வேறு. டைமிங் பெல்ட் கடினம், கற்றுக்கொள்ளலாம். உதிரிபாகத்தை வெளியே விற்க மாட்டேன், கோளாறு காட்டுகிற கருவியை வெளியாருக்குத் தர மாட்டேன், கையேட்டைக் காட்ட மாட்டேன் என்பது பூட்டு. இது என் கற்பனையில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது இந்தக் காரியத்துக்காகத்தான். வெளி மெக்கானிக்கிடம் போனான் என்கிற ஒரே காரணத்தைக் காட்டி வாரண்டியை ரத்து செய்வதாக நிபந்தனை வைக்கக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொல்லிற்று. கம்பெனிகள் மேல் விசாரணைக்குப் போயின. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஜனங்கள் 2012-இலேயே ஓட்டுப் போட்டு, பழுது பார்க்கிற விவரங்களை வண்டிக்காரனுக்கும் வெளிப் பட்டறைக்கும் தர வேண்டுமென்று தீர்த்துவிட்டார்கள். இங்கே 2022-இல் மத்திய நுகர்வோர் துறை ஒரு குழுவை அமைத்தது. அந்த வருஷக் கடைசியில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு வலைத்தளமும் திறந்தது. வலைத்தளம் வேறு, உரிமை வேறு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்பாஸிடர் இப்போது உற்பத்தியில் இல்லை. 2014-இல் வங்காளத்து உத்தரபாராவில் கடைசி வண்டி இறங்கிற்று. அதை நல்ல வண்டி என்று வாதாட நான் வரவில்லை. பெட்ரோலைக் குடிக்கும், பிரேக் சுமார், கதவு அதன் இஷ்டப்படி திறக்கும். ஆனால் அதைச் செய்தவன் உடையவனை நம்பினான். பானட்டைத் திறந்தால் ஓர் ஆள் உள்ளே நிற்கலாம் போல இடம் விட்டான். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் போய் நின்றால் அதன் உறுப்புகளை இன்றும் கேட்டு வாங்கலாம். அந்த நம்பிக்கை எப்படிப் போயிற்று? ‘எனக்கு ஒன்றுமே தெரியாது’ என்று நாம் சிரித்த சிரிப்பைக் கம்பெனிக்காரன் கேட்டுக்கொண்டிருந்தான். தெரிந்துகொள்ள விரும்பாதவனுக்குக் காட்ட வேண்டியதில்லை என்று மூடி போட்டான். மூடி போட்டதால் முதலில் பட்டினி கிடந்தவர் தெருமுனைப் பட்டறைக்காரர். இரண்டாவது அன்பர் தமது சீற்றத்தை அங்கே திருப்பியிருக்கலாம்.

‘நேரம் எங்கே ஐயா இருக்கிறது?’ என்று நாலாவதாக ஒரு கடிதம் வரும், எனக்குத் தெரியும். கம்பெனிப் பணிமனையில் கண்ணாடி அறையில், குளிர்ச்சியில், சத்தமில்லாத டெலிவிஷனைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்களே, அது எந்தக் கணக்கில் சேர்ந்தது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்கள் வண்டிதான் மேலே தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்றால், ‘வாடிக்கையாளர்கள் உள்ளே வரக் கூடாது’ என்று பலகை மாட்டியிருக்கிறது. பலகை இல்லாவிட்டாலும் நீங்கள் போகப் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த தடவை வண்டி வாங்கப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். நிறத்தையும், பாட்டுப் பெட்டியையும், கூரையில் வைத்த ஜன்னலையும் கேட்பதற்கு முன்னால், “இதில் வாட்டர் பம்ப் எங்கே இருக்கிறது? எது அதைச் சுற்றுகிறது?” என்று கேளுங்கள். கழுத்துப்பட்டை கட்டின விற்பனைக்காரர் சிரிப்பார். அதே சிரிப்பு. பிறகு மானேஜரைக் கூப்பிடுவார். மானேஜர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்ப்பார்; மைலேஜ் சொல்லுவார்; தவணை சொல்லுவார். நீங்கள் விடாமல் நின்றால், பின்கட்டிலிருந்து நீலச் சட்டையும் கரிக் கையுமாக ஒரு பையனை அழைத்து வருவார்கள். தரையில் கறை படக் கூடாதென்று அவன் வாசற்படியிலேயே நிற்பான். நீங்கள் அவரிடம் போய்க் கேளுங்கள். அவர் சொல்லுவார்.